இன்னும் கொஞ்சம் கண்ணீர்

ஜூன் 3, திங்கள்

டத்தோ பத்மநாபன் தானே போன் செய்தார். வழக்கமாகச் செயலாளரை விட்டுக் கூப்பிடுகிற மனிதர் தானே கூப்பிட்டால், வேலை அவசரம், நன்றிதான் கூலி என்று பொருள். துறைமுகத்திலிருந்து லாரியில் சரக்கு இழுத்துக் காசு சேர்த்து, சுல்தானிடம் டத்தோ பட்டமும் வாங்கி முடித்துவிட்டார். இப்போது புண்ணியம் இழுக்க ஆரம்பித்திருக்கிறார். அதற்கென்று ஓர் அறவாரியம். 'ஒளிச்சுடர்' என்று பெயர் வைத்துக் கொடுத்தவள் நான்தான். ஒளியும் சுடரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது அந்த வாரியத்தில் இதுவரை ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த வருஷப் புண்ணியம், குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எஸ்.பி.எம். தேர்வில் வரிசையாக ஏ வாங்கிய பிள்ளைகள். அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியவில்லை, அம்மா வேறு நாட்டுக்காரி. அதனால் பிள்ளைக்குக் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை, அந்த ஐசி, கிடையாது. அட்டை இல்லையென்றால் அரசாங்கப் பல்கலைக்கழகம் இல்லை, கல்விக் கடன் இல்லை. யாராவது பணம் கட்டினால் தனியார் கல்லூரி உண்டு.

"அஞ்சு பிள்ளைங்க தேவா. அஞ்சு கதை. விருந்துல மேடையில வாசிக்கணும். ஹால்ல ஒருத்தர் கண்ணும் காய்ஞ்சிருக்கக் கூடாது, ஆமா."

தமிழ்ப் பத்திரிகையில் பாதி ஆயுளைக் கழித்து, அது மூடியபின் டத்தோக்களுக்கு உரை எழுதிப் பிழைக்கிற தேவகுஞ்சரிக்கு இதைவிடத் தகுந்த வேலை எங்கே கிடைக்கும்? சரி என்றேன்.

குசினிக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னான். வரமாட்டான்.

ஜூன் 7, வெள்ளி

வரவில்லை.

பிள்ளைகளை அறவாரியத்தின் அலுவலகத்தில் சந்தித்தேன். குளிர்சாதனம் பிணவறைபோல. சுவரில் டத்தோ மாலை வாங்குகிற படங்கள் வரிசையாக. நான்கு பேர் வந்து உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நன்றாகப் படித்துச் சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்." யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கிளிகூட நடுவில் ஒருமுறை வேறு மாதிரி கத்தும்.

ஐந்தாவதாக வந்தவள் லோஷினி. ஒல்லி, கண்ணாடி, பத்தொன்பது வயதுக்கு மீறிய நிமிர்வு. உணவுத் தொழில்நுட்பம் படிக்க வேண்டுமாம்.

"ஏன்?"

"ஆய்வுக்கூடத்துல வேலை செய்யப் பிடிக்கும். சம்பளமும் நல்லா வரும் மிஸ்."

"சமுதாயத்துக்குச் சேவை செய்யப் போறதில்லையா?"

"சமுதாயம் எனக்கு என்ன செஞ்சிச்சு?"

திமிர். ஆனால் அன்று முழுக்க நான் கேட்ட ஒரே தமிழ் வாக்கியம் அதுதான். மற்றதெல்லாம் ஒப்பித்தல்.

எழுந்து போகும்போது சொன்னாள்: "எதை வேணும்னாலும் எழுதுங்க மிஸ். அம்மாவைப் பத்தி மட்டும் வேணாம். அம்மாவுக்கு பெர்மிட் இல்ல."

சரி என்றேன்.

ஜூன் 12, புதன்

ஐந்து கதைகளையும் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் டத்தோ கூப்பிட்டார். "நாலு ஓக்கே. அந்த லோஷினி கதையில ஒண்ணுமே இல்லையே தேவா. பொண்ணு படிச்சிச்சு, ஏ வாங்கிச்சு. இதுக்கு யாரு அழுவா?"

"அவள் அழவில்லை டத்தோ."

"அவ அழ வேணாம் லா. ஜனங்க அழணும். இன்னும் கொஞ்சம் கண்ணீர் போடுங்க."

சாம்பாரில் உப்புப் போடச் சொல்வதுபோல.

ஜூன் 15, சனி

எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு தண்ணீர் வெட்டு. குழாய் ஒழுகுவது நின்றது, பிளம்பருக்கு மிச்சம். ஒரு வாரத்து அழுக்குத் துணியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். லோஷினியின் அம்மா ஒரு டோபிக் கடையில் வேலை செய்கிறாள் என்று தெரியும். துணியும் துவைபடும், கதையும் கிடைக்கும் என்று நினைத்துப் போனதாக யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் துணி நிஜமாகவே அழுக்கு.

காந்திமதி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னைவிடக் கிழவியாக இருக்கிறாள். மகளை உபகாரச் சம்பளத்துக்கு எடுத்திருக்கிற 'மிஸ்' என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். யாரையோ அனுப்பி எனக்கு மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிவரச் செய்தாள். எவ்வளவு கெஞ்சியும் துணிக்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் பேசினாள். யாரும் கேட்காமலே பேசினாள். இத்தனை வருஷமாக யாரும் கேட்டதே இல்லை போலும்.

கடலுக்கு அந்தப் பக்கம், மேடானில் பிறந்த தமிழச்சி. இருபது வயதில் இங்கே வீட்டு வேலைக்கு வந்தாள். அந்த வீட்டுக்குச் சாமான் இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். பதிவு அப்புறம் செய்துகொள்ளலாம் என்றான். ஆண்களின் அகராதியில் 'அப்புறம்' என்றால் என்ன என்று நாம் அறிவோம். லோஷினிக்கு நான்கு வயதாக இருக்கும்போது சடக்குத் திருப்பத்தில் லாரி கவிழ்ந்து செத்தான். அவன் யாரையோ பிடித்துப் புதுப்பித்து வந்த இவளுடைய பெர்மிட்டும் அத்தோடு போயிற்று.

"கோயிலுக்குக்கூடப் போறதில்ல மிஸ். வீடு, கடை, வீடு. போலீஸ் காடி வர்ற சத்தம் கேட்டா அந்தக் காய வைக்கிற மெஷினுக்குப் பின்னாடி போயி நின்னுக்குவேன். சூடா இருக்கும். பழகிருச்சு."

சொல்லிச் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை. பேசிக்கொண்டே என் ரவிக்கைகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டாள்.

லோஷினி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம் லோஷி."

"மிஸ், நான் சொன்னேன் தானே?"

"தெரியும்மா," என்றேன்.

மீ கோரேங் நன்றாக இருந்தது. கொஞ்சம் காரம்.

ஜூன் 16, ஞாயிறு

எழுதி முடித்தேன். பல வருஷமாக இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. அந்தச் சூடான மெஷினுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணை எழுதும்போது என் கையே எனக்குப் புதிதாக இருந்தது. தாயின் பெயரை மாற்றிவிட்டேன். கடைப் பெயர் கிடையாது. கிள்ளான் என்று ஊர் மட்டும் இருக்கிறது. ஊர் இல்லாமல் கதை நிற்காது. கடைக்கு எதிரே ஒரு பழைய சினிமாக் கொட்டகை என்று ஒரு வரி. அந்தப் பத்திக்கு அது தேவை.

டத்தோவுக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 29, சனி

விருந்து. கிள்ளானில் ஒரு மண்டபம். நுழைவாயிலில் ஆளுயரத்துக்கு டத்தோவின் அட்டை உருவம் கைகூப்பி நின்றது. உள்ளே நிஜ டத்தோ, அட்டையைவிடச் சற்று தடிமன். டத்தோவின் மனைவி டத்தின் அம்மையார் மூன்று முறை புடவை மாற்றினார்; ஏழைப் பிள்ளைகளின் துயரத்தை ஒரே புடவையில் தாங்க முடியாது போலும். பிள்ளைகளை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் உட்கார வைத்து, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஜிப்பாவும் புடவையும். கல்யாண வீட்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி இருந்தது.

வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கதைகளை வாசித்தார். குழைந்த குரல். முதல் நான்கிற்கும் ஜனங்கள் கோழி மென்றபடி 'த்சொ' கொட்டினார்கள். ஐந்தாவதில் மெல்லுவது நின்றது. மெஷினுக்குப் பின்னால் தாய் நிற்கிற இடம் வந்தபோது எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், வட்டிக்கு விடுகிறவர், கைக்குட்டையை எடுத்தார். அவரையே அழவைத்துவிட்டேன் என்று நினைக்கும்போது பெருமையாக இருந்தது. எழுதிவைக்கிறேன், பொய் சொல்வானேன்.

லோஷினி அழவில்லை. தலையைத் திருப்பி மேசை மேசையாகத் தேடினாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் எழுந்தவளைச் செயலாளர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னும் படம் எடுக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் லோஷினியிடமிருந்து குறுஞ்செய்தி. "ஏன் மிஸ்?"

பிளம்பர் வந்தான். ஒரு வழியாக.

ஜூலை 5, வெள்ளி

அறவாரியத்தின் முகநூல் பக்கத்தில் கதையை அப்படியே போட்டிருக்கிறார்கள். கூடவே லோஷினியின் படம், பெயர் பளிச்சென்று. தாயின் பெயரை மாற்றிவிட்டு மகளின் முகத்தைப் போட்டால் என்ன பயன்? முட்டாள்கள். படம் போட்டது நானில்லை.

கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. நான்தான் எழுதியவள் என்று தெரியாமல் மூன்று பேர் எனக்கே அனுப்பி, "படித்துப் பாருங்கள், கண்ணீர் நிற்காது" என்கிறார்கள். மெல்பர்னிலிருந்து மகன் கூப்பிட்டான். தீபாவளிக்கு அப்புறம் தானாகக் கூப்பிட்டது இப்போதுதான். "நீங்க எழுதுனதாம்மா? சூப்பர்ம்மா." இரண்டு நிமிஷம் பேசினான். சந்தோஷம்தான்.

லோஷினிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இருபது வயதுகூட ஆகாத பெண்ணுக்கு எழுத்துக் கலையை எப்படி விளக்குவது? விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

மதியம் லோஷினி கூப்பிட்டாள்.

"அம்மாவைப் பிடிச்சிட்டாங்க மிஸ்."

நான் ஏதோ கேட்டேன். எப்போது, எங்கே என்று. என்ன கேட்டேன் என்று சரியாக நினைவில்லை.

"யாரோ புகார் கொடுத்திருக்காங்க. அந்தக் கதையில வர்ற டோபி இதுதான்னு. எதிர்ல சினிமாக் கொட்டகை இருக்கிற டோபி கிள்ளான்ல ஒண்ணுதான் மிஸ்."

அவள் போனை வைக்கவில்லை. கடையில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான்தான் வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

யோசித்துப் பார்த்தால், பெர்மிட் இல்லாமல் இத்தனை வருஷம் பிடிபடாமல் இருந்ததே அதிசயம். தினமும் லாரி லாரியாகப் பிடிக்கிறார்கள். அவர்களைப் பற்றியெல்லாம் யாரும் கதை எழுதவில்லையே. புகார் கொடுத்தவன் ஒருவன், படம் போட்டவன் ஒருவன், கண்ணீர் கேட்டவன் ஒருவன். இத்தனை பேருக்கு நடுவில் எதிர்ச் சினிமாக் கொட்டகை என்று ஒரு வரி எழுதினவள் மேல்தான் எல்லாம் விடியுமா?

அந்த வரி இல்லாமலும் பத்தி நின்றிருக்கும். இன்று வாசித்துப் பார்த்தேன்.

சாப்பிடவில்லை. பல் வலி.

ஜூலை 15, திங்கள்

செயலாளர் போனில் குழைந்தார்: "நம்ம அறவாரியத்துக்குச் சட்டச் சிக்கல் வேணாம்னு டத்தோ ஃபீல் பண்றாரு. லோஷினிக்குப் பதிலா வேற பிள்ளையைப் பார்க்கிறோம். நீங்க ஒரு புதுக் கதை…"

நேரே டத்தோவின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் புதிதாக வாங்கிய மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனும் அவரும் ஒரே மாதிரி வாயைத் திறந்து மூடினார்கள்.

"பாவம்தான் தேவா. ஆனா அந்தம்மா சட்டவிரோதமா இருந்திருக்கு. நமக்குத் தெரியாதே."

"என் கதையில் இருந்ததே டத்தோ. மேடையில் வாசித்தார்களே. நீங்கள்கூடக் கண்ணைத் துடைத்தீர்கள்."

"அது… எமோஷன்."

"சரி. இரண்டாவது கதை ஒன்று எழுதலாம் என்று இருக்கிறேன். முதல் கதையைப் படித்தவர்களுக்கு, அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டாமா? டத்தோ அழுதார், அம்மாவைப் பிடித்தார்கள், டத்தோ கையை விரித்தார். தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்."

"என்ன தேவா, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல…"

"நமக்கு நடுவில் இந்த மீன்தொட்டிதான் இருக்கிறது டத்தோ. மூன்று வருஷக் கட்டணத்தையும் கல்லூரிக்கு இந்த வாரமே கட்டிவிடுங்கள். நான் சோம்பேறி. கட்டினால் எழுதமாட்டேன்."

வியாழக்கிழமைக்குள் கட்டிவிடுவதாகச் சொன்னார். இதை ஏதோ நல்ல காரியம் என்று நான் இங்கே எழுதவில்லை. அந்த முகம் எப்படி வெளுக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். நன்றாகவே வெளுத்தது.

ஜூலை 22, திங்கள்

காலையில் வாசலில் லோஷினி. உள்ளே வா என்றேன். வரவில்லை. வாசல் கதவுக்கு வெளியே நின்றபடியே ஒரு பையை நீட்டினாள்.

"அம்மா தடுப்பு முகாம்ல இருக்காங்க. நான் போனா என் அடையாள அட்டையைக் கேட்பாங்க. டோபிக்கார மிஸஸ் லிம்முக்கு உடம்பு சரியில்ல. உங்களால போக முடியுமா?"

முடியுமா என்று கேட்டாளே தவிர, கண்ணில் கேள்வி இல்லை.

இரண்டு மணி நேரம் கார் ஓட்டினேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பர்மியக் கிழவர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். உறவுக்காரர் இல்லையென்றால் பார்க்க விடமாட்டார்களாம். பையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சோதிப்பதற்காக அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். பல் துலக்கி, இரத்த அழுத்த மாத்திரை, உள்ளாடை, இரண்டு கைலி, மூன்று சட்டை. துணி எல்லாவற்றுக்கும் லோஷினி இஸ்திரி போட்டிருந்தாள். மடிப்பு கலையாமல். தடுப்பு முகாமுக்கு அனுப்புகிற துணிக்கு!

அதிகாரி சின்னப் பையன். அவனே அதைக் கலைக்கத் தயங்கினான்.

திரும்பி வருகிற வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்த வேண்டியிருந்தது. வெயிலில் கண் கூசிற்று.

ஆகஸ்ட் 19, திங்கள்

காந்திமதியை மேடானுக்கு அனுப்பிவிட்டார்கள். லோஷினி செய்தி அனுப்பினாள். மாலையில் அவளே வந்தாள். இந்த முறை உள்ளே வந்தாள், ஆனால் உட்காரவில்லை.

"நீயும் போயிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டவுடனே என் முட்டாள்தனம் புரிந்தது.

"எப்படி? எனக்கு பாஸ்போர்ட் இல்ல. இங்க நான் இந்த நாட்டுப் பிள்ளை இல்ல. அங்க என் பேரே கிடையாது. நீந்தியா போறது?"

மிஸஸ் லிம் கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்திருக்கிறாளாம். தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத சீனத்தி. நம் சமுதாயம் கைக்குட்டையோடு நின்றுவிட்டது.

"காலேஜ்ல பாதுகாவலர்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். குடிமகனா இருக்கணும். மிஸஸ் லிம்முக்கு ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன். நீங்க வந்து போடுங்க."

"லோஷினி, நான்…"

"வேணாம் மிஸ். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் உங்களை மன்னிக்கல. மன்னிக்கவும் போறதில்ல. உங்ககிட்ட நீல ஐசி இருக்கு. அவங்களை விட்டா எனக்குத் தெரிஞ்சவங்கள்ல வேற யாருகிட்டயும் இல்ல. அவ்ளோதான்."

எத்தனையோ பேரை நான் ஏளனமாகப் பார்த்திருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தது. சத்தமே இல்லை அதில். கோபம்கூட இல்லை. கடையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்து, 'சரி, இதுதான் இருக்கு' என்று எடுத்துக்கொள்வதுபோல.

எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னாள்.

ஆகஸ்ட் 31, சனி

தேசிய தினம். டத்தோவின் லாரிகள் எல்லாம் கொடி கட்டிக்கொண்டு வரிசையாகப் போயின. 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று அவர் பேசிய உரை முகநூலில் இருக்கிறது. இந்த முறை யாரை வைத்து எழுதினாரோ. இலக்கணப் பிழைகள்.

செப்டம்பர் 2, திங்கள்

லோஷினியை டோபிக் கடை வாசலில் ஏற்றிக்கொண்டேன். பின் இருக்கையில் உட்கார்ந்தாள், டாக்சியில் உட்காருவதுபோல. "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். கல்லூரி வரை அதுதான் பேச்சு.

பதிவு செய்யும் இடத்தில் கூட்டம். எல்லாப் பிள்ளைகளும் அப்பா, அம்மா, தம்பி, தலையணை சகிதமாக வந்திருந்தார்கள். மேசையில் இருந்த தமிழ்ப் பெண் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு நீங்க என்ன உறவு?" என்றாள்.

நான் லோஷினியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வரிசை நெளிந்தது. அந்தப் பெண்ணே அலுத்துப்போய் 'ஆண்டி' என்று தட்டச்சு செய்துகொண்டாள். இந்த நாட்டில் யாருக்கு யார் என்ன என்று தெரியாவிட்டால் ஆண்டி. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து காரில் ஏறியபோது அவள் போன் அடித்தது. மேடானிலிருந்து காந்திமதி. லோஷினியின் குரல் மாறியதை அப்போதுதான் கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளையின் குரல். பதிஞ்சாச்சும்மா, அறை நல்லா இருக்கும்மா, சாப்பிட்டேன்மா. பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள். "வேணாம்மா… சரி, இருங்க."

போனை முன்பக்கம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசணுமாம்." குரலைத் தாழ்த்தி, "எதனால பிடிச்சாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது," என்றாள்.

"மிஸ்! நல்லா இருக்கீங்களா? லோஷி சொன்னா, நீங்கதான் டத்தோகிட்டப் பேசிக் காசு கட்ட வச்சீங்களாம். முகாமுக்குத் துணி கொண்டு வந்ததும் நீங்கதானாம். என் சாமி மாதிரி மிஸ் நீங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"இங்க அண்ணன் வீட்டுல இருக்கேன். ஒரு குறையும் இல்ல. கோயிலுக்குப் போறேன், பாசாருக்குப் போறேன். லோஷிதான்…" நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மிஸ். அன்னிக்கு நீங்க கடைக்கு வந்தப்ப நான்பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டேன். நீங்க எழுதுனீங்களே, அதுக்கு நான் பேசினது ஏதாச்சும் உதவியா இருந்துச்சா?"

காரின் முன்கண்ணாடியில் லோஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சும்மா," என்றேன். "ரொம்ப."

"அப்பாடா," என்றாள் காந்திமதி. "அது போதும் மிஸ்."

லோஷினி கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.